ஓட்டை விழாத இலை

"பூச்சியை போட்டோ புடிக்கிறதுக்கா உனக்குக் கம்பெனி சம்பளம் குடுக்குது?"

செம்பருத்தி வேலிக்குள் தலையை விட்டுக் குனிந்திருந்த இர்பானா திடுக்கிட்டு எழுந்தாள். எதிரே நிர்வாக அதிகாரி ராஜமாணிக்கம், இடுப்பில் கை வைத்தபடி நின்றார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருந்த அந்தப் பெயின்ட் கம்பெனியில் அவர் வைத்ததுதான் சட்டம். இர்பானா லேபில் கெமிஸ்ட். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கேன்டீனில் உட்கார்ந்து ஊர்வம்பு பேச, இவள் மட்டும் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு டிஜிட்டல் கேமராவோடு செடி செடியாகச் சுற்றுவாள். சவுதியிலிருந்து அண்ணன் வாங்கி வந்த கேமரா.

"லஞ்ச் டைம்தானே சார்."

"லஞ்ச் டைம்னா போய் சோறு துன்னு. மூஞ்சியச் செடிக்குள்ள வுட்டுக்கினு இன்னா தேடுற?"

"சிலந்தி, வண்டு, ஏதாச்சும் இருக்குதான்னு பாக்கறேன் சார். இது சின்ன கேமரா. மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்ட போனாத்தான் படம் சுத்தமா வரும்."

"பொண்ணாப் பொறந்தவ சிலந்தியப் பாத்தா கத்தணும். நீ கொஞ்சறே. உங்க பழவேற்காட்டு ஊட்ல ஒட்டடைக் கம்பே கெடையாதா?"

பின்னால் நின்ற சூப்பர்வைசர்கள் சிரித்தார்கள். அதிகாரி ஜோக் அடித்தால் சிரிப்பதும் அங்கே வேலையில் சேர்த்திதான்.

"கேமராவைக் குடு. ஃபேக்டரிக்குள்ள இதெல்லாம் கூடாது."

"கேட்ல பர்மிஷன் வாங்கினுதான் சார் எடுத்தாறேன்."

"கேட்டும் நான்தான், பர்மிஷனும் நான்தான். குடு."

கேமரா அவர் மேஜை டிராயருக்குள் போனது. ஏதோ திருடனைப் பிடித்துக் கொடுத்தவர் மாதிரி அன்று முழுக்க அவருக்கு ஒரே திருப்தி.

அடுத்த வாரம் ஜெனரல் மேனேஜர் அவரைக் கூப்பிட்டார்.

"பசுமை ஆலை விருதுக்கு நம்ம பேரும் போயிருக்கு. வெள்ளிக்கிழமை குழு வருது. நம்ம வளாகத்துல என்னென்ன உயிரினம் வாழுதுன்னு காட்டணுமாம். விருது மட்டும் வந்துதுன்னா, சென்னை ஹெட் ஆபீஸ்ல காலியா இருக்கிற சீட் உங்களுக்குத்தான்."

ராஜமாணிக்கத்துக்கு அந்த சீட் மேல் வெகுநாளாகக் கண். இந்தப் புகையையும் நெடியையும் விட்டு ஓட வேண்டும் என்று பெண்டாட்டியிடம் புலம்பாத நாள் இல்லை. அறைக்கு வந்ததும் முதல் வேலையாக டிராயரைத் திறந்தார்.

கேமராவைக் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தால், அடேங்கப்பா! கண்ணெல்லாம் பளபளக்கிற சிலந்தி. இறக்கையில் பனித்துளி சுமக்கிற தும்பி. தலையைச் சாய்த்து நம்மையே பார்க்கிற வெட்டுக்கிளி. எல்லாவற்றையும் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, 'எங்கள் ஆலை, உயிர்களின் சோலை' என்று ஃப்ளெக்ஸ் பேனர் அடித்து வாசலிலேயே கட்டிவிட்டார். எடுத்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பேனரைப் பார்த்துவிட்டு இர்பானா பதறிக்கொண்டு வந்தாள்.

"சார், அந்தப் படமெல்லாம்..."

"இன்னா, உன் பேரைப் போடணுமா? அதுக்கு எடம் இல்ல. போய் வேலையப் பாரு."

"அது இல்ல சார், என் கேமரா..."

"ஃபங்ஷன் முடியட்டும், பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை காலையில் ஆள் விட்டு, செடிகளின் மேல் படிந்திருந்த வெள்ளைப் பொடியைக் குழாய்த் தண்ணீரில் கழுவச் சொன்னார். தோட்டம் புதுப் பெயின்ட் அடித்தது போலப் பளிச்சென்று ஆனது.

குழுவின் தலைவி சாராள், ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியை. பேனரைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"ரொம்ப அழகா இருக்கே. யார் எடுத்தது?"

"நம்ம லேப் பொண்ணுதான் மேடம். சாப்பாட்டு நேரத்தை வீணாக்காம போய் பூச்சிங்களைப் படம் எடும்மான்னு நான்தான் ஊக்கம் குடுத்தேன்."

கூசாமல் சொன்னார். சூப்பர்வைசர்கள் இதற்கும் தலையாட்டினார்கள்.

"எல்லாம் இங்கயே எடுத்ததா?"

"தோ, இதே வேலியில மேடம். என் கண்ணால பாத்தேன்."

தோட்டத்தைச் சுற்றி வந்தார்கள். ஹெட் ஆபீஸ் நாற்காலி கண்ணுக்கு முன்னால் தெரிய, ராஜமாணிக்கத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. செம்பருத்திக் கிளை ஒன்றை வளைத்துக் காட்டினார்.

"எங்க பராமரிப்பைப் பாருங்க மேடம். ஒரு இலையில ஒரு ஓட்டை இருக்கா?"

சாராள் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்து இலையைப் பார்த்தார். அடுத்த செடிக்குப் போய் அதையும் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு காணாமல் போயிருந்தது.

"ஆமா, ஒண்ணுலகூட இல்ல. அப்போ படத்துல இருக்கிற வெட்டுக்கிளி எதைத் தின்னு உயிரோட இருக்கு?"

ராஜமாணிக்கத்துக்கு வேர்த்துவிட்டது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற இர்பானாவை அவசரமாகக் கூப்பிட்டார்.

"நீயே சொல்லும்மா. டெய்லி லஞ்ச்ல இந்த வேலியாண்டதானே கேமராவோட நிப்பே? நானே எத்தினி வாட்டி பாத்துத் திட்டி..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இர்பானா அவரைப் பார்த்தாள். பேனரைப் பார்த்தாள். பிறகு சாராள் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் படமெல்லாம் எங்க ஊட்டுக் கொல்லையில எடுத்தது மேடம். இங்க வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து ஒவ்வொரு செடியா தேடிக்கினுதான் இருக்கேன். இன்னி வரைக்கும் ஒரு எறும்புகூட ஆப்டல."