பத்து நாள் பழக்கம்

இந்தக் காலத்து ஆட்கள் மனுஷனை விரட்டுவார்கள், குதிரையிடம் கெஞ்சுவார்கள். வேலிக்கு வெளியே நின்று பெரியவர் பொருமினார்.

"நாங்கல்லாம் நேரா முதுகுல ஏறினவங்க. நீ என்னம்மா, பத்து நாளா கயித்தைப் பிடிச்சு ஊர்வலம் போறே?"

"ரொம்பப் பயம் மாமா. முதல்ல தரையில நம்பிக்கை வரணும்," என்றாள் குதிரை பழக்கும் மருமகள். "இன்னிக்கும் சரிவரலைன்னா இதைத் திருப்பி அனுப்பிடுவாங்க. நீங்க வந்து பிடிச்சுப் பாருங்களேன்."

பெரியவருக்கு மனசு கேட்கவில்லை. தயங்கித் தயங்கி உள்ளே வந்து கயிற்றை வாங்கினார்.

"இழுக்காதீங்க. ஒரு அடி வச்சு நில்லுங்க."

நின்றார். குதிரை மெல்ல வந்து அவர் தோளில் முகத்தை வைத்தது. அவர் கை தானாக அதன் கழுத்தைத் தடவியது.

"பார்த்தியா, என்கிட்ட எப்படி அடங்குது!"

வேலியோரம் நின்ற மகன் சிரித்துவிட்டான். "அப்பா, அது சின்னப் பிள்ளைங்களுக்குச் சவாரி சொல்லிக்கொடுக்கிற குதிரை. லாரி ஹாரனுக்கே அசையாது."

"அப்புறம் யாருக்குடா பயம்?"

"உதை வாங்கினதுலேர்ந்து ரெண்டு வருஷமா லாயப் பக்கமே வராதவருக்கு!" என்றாள் மருமகள்.

"எனக்காவது, பயமாவது! போம்மா, கதை விடாதே!"

முறைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தார். கயிற்றை விட மறந்திருந்தார். குதிரையும் பின்னாலேயே போனது.