தையல் குறைவான போர்வை

“இதைவிடச் சாதாரணமா ஒண்ணு காட்டுங்க” என்று நான் நான்காவது தடவை சொன்னபோது கடைக்காரம்மாவின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது.

மேஜைமேல் ஏற்கெனவே ஆறு பஞ்சுப் போர்வைகள் விரிந்து கிடந்தன. ஒன்றில் துணியை வெட்டி வைத்துத் தைத்த சூரியகாந்திப் பூக்கள். ஒன்றில் மயில். இன்னொன்றில் கட்டத்துக்குள் கட்டம், அதற்குள்ளும் ஒரு கட்டம். எல்லாமே அழகுதான். எதுவுமே எங்களுக்கு ஆகாது.

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான். எனக்கென்று ஒரு கைக்குட்டைகூட நானாகப் பார்த்து எடுத்ததில்லை. அதையெல்லாம் பார்த்துக்கொண்டவள் இதோ, பக்கத்து ஸ்டூலில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வலது கையில் மூன்று விரல்களுக்குப் பிளாஸ்திரி.

என் மனைவி தையல்காரி. புதுத்துணி தைப்பதைவிட ஆல்ட்டரேஷனில்தான் பேர் வாங்கினாள். ஊசி முனையால் ஒரு நூலைக் கிளப்பி இழுப்பாள். மொத்தத் தையலும் சொன்ன பேச்சுக் கேட்டுக்கொண்டு கழன்று வரும். துணியில் தடயமே இருக்காது.

இப்போது ஞாபகம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. வேலை மட்டும் விரலை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

கண்ணில் படுகிற தையலையெல்லாம் பிரிக்கிறாள். யாரோ சாயங்காலம் வாங்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். ஊசி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் ஒளித்து வைத்தேன். நகத்தால் பிரிக்கிறாள்.

இந்தக் குளிருக்கு இதுவரை மூன்று போர்வைகள் போயாயிற்று. முதல் போர்வையின் பூக்களை ஒரே நாளில் கழற்றி, அளவு வாரியாக அடுக்கி வைத்துவிட்டாள். மூன்றாவதில் அங்கங்கே ரத்தக்கறை. வீடு முழுக்கப் பஞ்சு பறக்கிறது. என் சாப்பாட்டுத் தட்டில்கூடப் பஞ்சு. அப்புறம் போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லாமல் சுருண்டு படுத்து நடுங்குகிறாள்.

கம்பளி வாங்கித் தொலைக்கலாமே என்பீர்கள். கம்பளி பட்டால் அவளுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும்.

தையலே போடாமல் பஞ்சுப் போர்வை கிடையாது. பஞ்சு மொத்தமும் ஒரு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்று போர்வைகளில் நான் படித்த படிப்பு இது. ஆகவே, இருப்பதிலேயே தையல் குறைவாக ஒன்று வேண்டும். அவ்வளவுதான் என் ரசனை.

இதை மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைக்காரம்மாவிடம் எப்படிச் சொல்வது? சாதாரணமா, சாதாரணமா என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

“இவ்வளவு சாதாவா எடுத்தா அம்மாவுக்குப் பிடிக்குமா சார்?” என்றார் கடைக்காரம்மா.

அதற்குள் அம்மாவின் கட்டைவிரல் நகம் சூரியகாந்தியின் இதழுக்கடியில் போயிருந்தது. சட்டென்று அந்தக் கையைப் பிடித்து என் மடிக்கு இழுத்துக்கொண்டேன். அறுபத்தாறு வயதில் கடையில் பெண்டாட்டி கையை விடாமல் உட்கார்ந்திருக்கும் கிழவனைப் பார்த்துக் கடைக்காரம்மாவுக்கு வெட்கமே வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழ்த்தட்டில் குனிந்து தேடினார்.

கடைசியில் ஒன்றை எடுத்துப் போட்டார். சாம்பல் நிறம். நீளவாக்கில் நாலே நாலு கோடு. நெருக்கமான மிஷின் தையல், நூலும் துணியும் ஒரே நிறம். ஓரங்களையும் உள்பக்கமாக மடித்து அடித்திருந்தார்கள்.

“இது ஹாஸ்டலுக்கெல்லாம் மொத்தமா எடுப்பாங்க” என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார்.

அதை எடுத்து அவள் மடியில் வைத்தேன். பிடித்திருந்த கையையும் விட்டேன்.

முதல் கோட்டில் நகத்தை வைத்துப் பார்த்தாள். நூல் கிளம்பவில்லை. இரண்டாவது கோடு. மூன்றாவது. ஓரம் முழுக்க விரலை ஓட்டினாள். ஒரு மூலை, இன்னொரு மூலை. போர்வையைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தாள்.

விரல்கள் நின்றன.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவளுடைய இரண்டு கைகளும் சும்மா இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாடா, இனி இவள் குளிரில் கிடக்கமாட்டாள் என்று நினைத்தேன்.

அவள் போர்வையை நிதானமாக மடித்தாள். சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு என்னிடம் நீட்டினாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள்.

“இதுல பிரிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையே சார்” என்றாள். “யாருக்கு, உங்க வீட்டம்மாவுக்கா? அவங்களையே ஒரு தடவ கூட்டிட்டு வாங்க. அளவு பார்த்துட்டுச் சொல்றேன்.”

காலையில் கிளம்பும்போதுகூட, இந்தச் சட்டையை விட்டால் உங்களுக்கு வேறு சட்டையே கிடையாதா என்று என்னைத் திட்டியவள்.

கடைக்காரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து நின்று போர்வையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

“சரிங்கம்மா” என்றேன். “கூட்டிட்டு வரேன்.”

“ஆறு மணிக்குள்ள வந்துடுங்க” என்றாள். “அப்புறம் எங்க வீட்டுக்காரர் டூட்டி முடிஞ்சு வந்துடுவார்.”