மகள் வரைந்த கண்ணாடி

ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டுச் சுவரில் தர்ஷிணி வரைந்த ஓவியம் தொங்குகிறது. மகளின் முதல் கண்காட்சி என்று இஸ்திரி போட்ட பாத்தேக் சட்டையில் வந்திருக்கும் குணாளன், அதன்முன் பாதிச் சிரிப்போடு அப்படியே நின்றுவிடுகிறார். முற்றத்து வெயில் சரிவாக விழுந்து வண்ணங்களை மினுக்குகிறது. படத்தில் இருப்பது ஆயர் ஈத்தாமில் அவர்கள் குடியிருக்கும் வீட்டு அலமாரிதான். கதவில் அதே நீளக் கண்ணாடி. அதன்முன் ஒரு சிறுமி, பாதி பின்னிய சடையோடு தலைகுனிந்திருக்கிறாள். கண்ணாடியில் அவள் முகம் இல்லை. பின்னால் நிற்கும் ஆளே அதை முழுதாக அடைத்துக்கொண்டிருக்கிறார்: பிளந்த வாய், புடைத்த கழுத்து நரம்பு, நீட்டிய விரல். மீசையும் இடது புருவத்துத் தழும்பும் குணாளனுடையவை. பக்கத்தில் நிற்கும் ஒரு பெண், "யாரு இது? பார்க்கவே பயமா இருக்கு லா" என்று தோழியிடம் சொல்கிறாள். அவருடைய கை தானாக எழுந்து புருவத்தை மறைக்கிறது. மனைவி லோகேஸ்வரியின் பக்கம் சாய்ந்து, "ஈஸ்வரி, நான் என்ன இப்படியா இருப்பேன்?" என்று கேட்கிறார். அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்கிறாள்: "வாயத்தான் கொஞ்சம் சின்னதா வரைஞ்சிட்டா."