புட்டித் தூவிய மண்

புட்டித் என் வயலில் மண் தூவிக்கொண்டிருந்தாள்.

நான் வீட்டின் தட்டைக் கூரைமேல் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்து, அதை ரசித்துக்கொண்டிருந்தேன்.

வயல் மாறிவிட்டது என்று கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போன கோடையில் வாய்க்கால் தண்ணீருக்காக வந்த சண்டைக்குப் பிறகு, பக்கத்து வீட்டுக்காரியான அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கூரைப் பனியைத் தள்ளும்போது நான் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்ட அன்று, ஊரில் முதலில் சிரித்தவளும் அவள்தான்.

எங்கள் பனிமலை ஊரில் குளிர்காலம் முடியப்போகிறது. வயலெல்லாம் இடுப்பளவு பனி. இப்போதே மண்ணைத் தூவி வைத்தால்தான் அது வெயிலை இழுத்துப் பனியைக் கரைக்கும், பட்டாணியை நேரத்தோடு விதைக்கலாம். தாமதித்தால் காய் பிடிக்கும் முன்பே அடுத்த குளிர் வந்துவிடும்.

என் மனைவி மகளின் பிரசவத்துக்காக மலைக்குக் கீழே ராம்பூர் போனவள், பனியில் பாதை மூடி அங்கேயே மாட்டிக்கொண்டாள். ஒற்றைக் காலோடு நான் எங்கே மண் சுமப்பது? இந்த வருஷப் பட்டாணி போனதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் இந்த அதிர்ஷ்டம் அடித்தது.

வரப்புக் கல் பனிக்குள் புதைந்து கிடந்தது. என் வயலும் அவள் வயலும் ஒரே வெள்ளை விரிப்பு. பாவம், இடம் தெரியாமல் குழம்பிவிட்டாள்.

வீடுகளின் பின்பக்கத்திலிருந்து முதுகுக் கூடையோடு வருவாள், வாரி இறைப்பாள், திரும்ப மறைவாள். எங்கள் வீடுகள் ஒட்டிக்கொண்டிருப்பவை. தரை உறைவதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டிலும் மண்ணை வெட்டிப் பின்கட்டில் குவித்துவிடுவோம். அப்புறம் கடப்பாரை போட்டாலும் ஒரு பிடி பெயராது. அப்படிச் சேர்த்த மண்ணை எனக்கு இறைக்கிறாளே என்று சிரிப்புத் தாங்கவில்லை.

வெயில் வயலுக்கு இறங்கியது. விடியலில் ஆளைத் தாங்கும் பனிப்பொருக்கு, வெயில் பட்டால் தாங்காது. அவளும் ஓட்டமும் நடையுமாகத்தான் வந்தாள். பாதி வயலில் பொருக்கு உடைந்து இடுப்புவரை இறங்கிவிட்டாள்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மேலே சரிவில் நாபோ என்னும் காட்டு ஆடுகள் பனியைக் குளம்பால் கிளறிக் காய்ந்த புல்லைத் தேடிக்கொண்டிருந்தன. திடீரென்று எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

பாறைமேல் பனிச்சிறுத்தை. வால் மட்டும் அசைந்தது.

ஆடுகள் பிய்த்துக்கொண்டு கீழே பாய்ந்தன, நேராகப் புட்டித்தை நோக்கி.

என் சிரிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. தலையைக் குனி, தலையைக் குனி என்று தொண்டை கிழியக் கத்தினேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு அவளிடம் பேசுகிறேன்!

அவள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சுருண்டாள். ஆடுகள் அவள்மேலாகத் தாவி, ஆற்றுப்பக்கம் இறங்கி ஓடின. சிறுத்தை துரத்தவே இல்லை. ஒரு கொட்டாவி விட்டுவிட்டுப் பாறைக்குப் பின்னால் போய்விட்டது.

கூடை மெல்ல எழுந்தது. அடியில் மண் அப்பிய முகம்.

"கூரை ஓரத்துல நின்னு ஆடாத, தண்டுப். இன்னொரு தடவ விழுந்தா, தூக்கிட்டுப் போக என் இடுப்புல தெம்பு இல்ல."

அப்போதுதான் பார்த்தேன், நான் ஒற்றைக் காலில் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

அவள் பனியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, கூடையில் மிஞ்சியதையும் என் வயலிலேயே இறைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவள் இறைத்த மண்ணுக்கு ஈடாக என் மண்ணை அவள் வயலுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

கோலை ஊன்றி, ஒடிந்த காலைத் திட்டிக்கொண்டே ஏணியில் இறங்கிப் பின்கட்டுக்குப் போனேன். கதவு திறந்து கிடந்தது.

நெஞ்சுயரம் குவித்திருந்த என் மண், முழங்கால் உயரம்கூட இல்லை. தரையெல்லாம் பனி ஒட்டிய பூட்ஸ் தடம்.

என் மண்ணைத்தான் என் வயலுக்குச் சுமந்திருக்கிறாள். கண் நிறைந்துவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் புட்டித் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் விழுந்த அன்று சிரித்த அதே சிரிப்பு.