விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

என்ஜினியர் ஸ்டூல் மேல் ஏறி விரிசலுக்கு டார்ச் அடித்தார்.

கடைக்காரர்கள் எல்லோரும் மாடிப்படியில் நெருக்கியடித்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பொத்தான் கடைக்காரி மட்டும் என்ஜினியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைவீதியிலேயே பழைய கட்டிடம். கீழே கடைகள், மாடியில் தையல் பட்டறை. இடித்துவிட்டு கார் நிறுத்த இடம் கட்ட ஆள் தயாராக இருந்தது. இது ஊர்ச்சொத்து, தொடக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவள் அவள்தான். செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்று வீட்டில் கேலி செய்தார்கள்.

கடைசியில் நகராட்சி ஒரு வழிக்கு வந்தது. சுவர் அசையாமல் நின்றால் கட்டிடம் பிழைக்கும். அசைந்தால் இடித்தே ஆக வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கண்ணாடி. மெல்லிய துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் பூசி ஒட்டியிருந்தார்கள். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் உடைந்துவிடும்.

என்ஜினியர் விரலால் தட்டிப் பார்த்தார். முழுசாக இருந்தது.

“ஒண்ணும் அசையல. தாராளமா கடைய நடத்துங்க. முட்டுக் கொடுத்த கம்பத்தையெல்லாம் நாளைக்கே எடுத்துரலாம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பட்டறையில் தைக்கும் அவள் மகள், கையில் கத்தரிக்கோலோடு மேலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

தையல் பட்டறைக்காரர் பக்கத்தில் வந்தார். சந்தோஷத்தில் அவருக்கு வாய் அடங்கவில்லை.

“அக்கா, யார்கிட்டயும் சொல்லிராதீங்க. போன மாசமே அது உடைஞ்சு கிடந்துச்சு. நான்தான் வேற கண்ணாடி ஒட்டினேன். புது சிமெண்ட்டுன்னு தெரியக்கூடாதுல்ல, கரி பூசிட்டேன்.”

அவள் அண்ணாந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

நேற்றுக் காலை அவர் ஒட்டிய கண்ணாடியும் உடைந்து கிடந்தது. அந்தக் கரியைப் பழைய அழுக்கு என்று நினைத்துச் சுரண்டி எடுத்தவள் அவள். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒரு தடவைதானே, இனி சுவர் உட்கார்ந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வேறு கண்ணாடி ஒட்டி, சிமெண்ட் மேல் டீத்தண்ணீர் தடவினாள்.

மாடியில் தையல் மெஷின்கள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கின.

“நல்ல காரியம் பண்ணீங்க தம்பி,” என்றாள்.