ஒரு ஆள் சாப்பாடு

கல்லூரி விடுதிகளிலும் வீடுகளிலும் மிஞ்சும் உணவைத் தன்னார்வலர்கள் எடுத்துப்போக நான் உருவாக்கிய ஆப் அது. சோதித்துப் பார்க்கும் மாணவி சரி என்று எழுதினால்தான் கல்லூரி அனுமதிக்கும்.

"சார், இதுல ஒரு தப்பு இருக்கு" என்று அவள் போனை நீட்டினாள்.

"என்ன தப்பு?"

"மத்த இடத்துல ஒரு நாள் மிஞ்சுது, ஒரு நாள் இல்ல. ஆசிரியர் குடியிருப்பு ஏழாம் நம்பர் வீட்டுல மட்டும் ரெண்டு வாரமா தினமும் 'ஒரு ஆள் சாப்பாடு மிச்சம்'னு டாண்ணு வருது. பகல்ல போய்ப் பார்த்தா பூட்டிக் கிடக்கு. சும்மா போட்டுப் பார்த்த பொய்ப் பதிவுதானே? அழிச்சிடுங்க, சரின்னு எழுதிடறேன்."

"பொய் இல்லம்மா. நிஜமாவே மிஞ்சுது."

"தினமுமா?" அவள் சிரித்துவிட்டாள். "யாரு சார் அந்த மகராசன்? வீட்ல எத்தனை பேருன்னுகூடவா எண்ணத் தெரியாது?"

பையிலிருந்து ஏழாம் நம்பர் வீட்டுச் சாவியை எடுத்து அவள் முன் வைத்தேன்.

"எண்ணத் தெரியும்மா. ஒருத்தன்தான். என் மனைவி இறந்து மூணு மாசமாச்சு. சமைக்கிற கைக்குத்தான் அது இன்னும் தெரியல."