அவர் கூப்பிட்ட பெயர்

"யாரும்மா அந்த ஜெலிந்தா?"

ஓஸ்வால்தோ குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான். ஆனாலும் அடுப்பில் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்த அக்கா தெல்ஃபினாவின் கை நின்றுவிட்டது. ஆறு நாளாக அவளும் கேட்க நினைத்து விழுங்கிய கேள்வி அது.

அம்மா ஈரத் துணியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு, அப்பா படுத்திருந்த அறைக்குள் போய்விட்டாள்.

அப்பா நசரேனோ கொத்தனார். கொத்துக்கரண்டியும் தூக்குக்குண்டுமாக இத்தாலியிலிருந்து கடல் கடந்து, ஸ்பானிஷ் பேசும் ரொசாரியோ நகரில் வந்து இறங்கியவர். ஊரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் அவர் எழுப்பிய சுவர் ஒன்று இருக்கும். இந்த வீடும் அவர் கைவேலைதான். தெல்ஃபினா பிறந்தபோது ஓர் அறை, ஓஸ்வால்தோ பிறந்தபோது ஓர் அறை என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒற்றை ஆளாகக் கட்டியது.

மற்ற கொத்தனார்கள் வேலை முடிந்ததும் மதுக்கடைக்குச் சீட்டாடப் போவார்கள். இவர் சுண்ணாம்புக் கையைக் கழுவிக்கொண்டு நேரே வீட்டுக்கு வருவார். அம்மாவுக்குக் கால் உடைந்த வருஷம் மூன்று மாதம் வீட்டுத் துணி முழுவதையும் துவைத்தவர் அவர்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று யாராவது சிரித்தால், "உன் சட்டையும் அழுக்காத்தான் இருக்கு. கழட்டிக் குடு" என்பார்.

அப்படிப்பட்ட மனிதர், பக்கவாதம் வந்து விழுந்ததிலிருந்து ஸ்பானிஷ் மொத்தமும் மறந்து, இத்தாலியில் பிறந்த மலையூர்ப் பேச்சில் ஒரே ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஜெலிந்தா.

"காலைல பாதிரியார் வந்து கடைசி ஜெபம் சொல்லி எண்ணெய் பூசும்போதும் அதே பேருதான். எனக்கு முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல" என்றான் ஓஸ்வால்தோ.

"மெதுவாப் பேசு. அம்மாவுக்குக் கேட்கும்."

"கேட்கட்டும். ஊர்ல இருந்து அம்மாவைக் கப்பல்ல வரவழைச்சுக் கட்டிக்கிட்டாரே, அதுக்கு முன்னாடியே அங்க ஒருத்தி இருந்திருக்கா. இவ்வளவு வருஷமா அவளைத்தான் மனசுல வெச்சிருந்திருக்கார்."

"உடம்பு முடியாதவர்கிட்ட போய்ச் சண்டை போடச் சொல்றியா?"

"அவர்கிட்ட ஒண்ணும் சொல்லல. அம்மா பண்றதைத்தான் பார்க்க முடியல. அவர் ஜெலிந்தான்னு கூப்பிட்டா, இவ 'இங்கதான் இருக்கேன்'னு ஓடிப் போய்க் கையைப் பிடிச்சுக்கறா. எவளோ ஒருத்தி இடத்துல இவ போய் நிக்கணுமா?"

தெல்ஃபினா சூப்பை இறக்கி வைத்தாள். தம்பி சொன்னதுதான் அவள் மனசிலும் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே அப்பாவின் குரல் கேட்டது. வழக்கத்தைவிடத் தெளிவாகக் கேட்டது. இருவரும் அறை வாசலுக்கு விரைந்தார்கள்.

ஜன்னல் வழியே மத்தியான வெயில் கட்டில்வரை நீண்டிருந்தது. அப்பா நல்ல கையால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"ஜெலிந்தா, உன்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டதைத் திருப்பித் தரவே இல்ல நான். தர்றேன் தர்றேன்னு நாள் போயிடுச்சு."

"நீங்க எங்க எடுத்தீங்க? நான்தானே குடுத்தேன்" என்றாள் அம்மா, அதே ஊர்ப் பேச்சில். "மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க. தூங்குங்க."

"கோபம் இல்லையே?"

"துளிகூட இல்ல."

ஓஸ்வால்தோ பல்லைக் கடித்தான். "அம்மா, போதும். எழுந்து வா."

அம்மா திரும்பவில்லை. கண்ணீர் அவள் கன்னத்தில் இறங்கி மோவாயில் தொங்கியது. அந்த முகத்தில் வேதனையைத் தேடிப் பார்த்தாள் தெல்ஃபினா. அது இல்லாதது அவளை இன்னும் கலக்கியது.

அப்பா அந்தப் பெயரை இன்னொரு முறை சொன்னார். குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். மூச்சு ஒருமுறை நீளமாக இழுத்தது. அடுத்ததற்கு மூவரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

அம்மா அவர் கண்களை மூடினாள். மணிக்கட்டிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து நெஞ்சின்மேல் வைத்தாள். சுண்ணாம்பு தின்று காய்த்துப்போன விரல்கள். தெல்ஃபினா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓஸ்வால்தோ சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதான். அழுகையோடு கோபமும் சேர்ந்து வந்தது.

"போற நேரத்துலயாவது அசுந்தான்னு உன் பேரை ஒரு தடவை சொல்லியிருக்கலாம்மா. உனக்கு அதுகூடக் கிடைக்கலயே."

"சொல்லிட்டுத்தான்டா போயிருக்கார்" என்றாள் அம்மா.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"அவருக்கு நிச்சயமான அசுந்தா என் அக்கா; கப்பலுக்கு எட்டு நாள் இருக்கும்போது காய்ச்சல்ல செத்துப்போனா, அவ பேர்ல இருந்த பயணக் காகிதத்தோட வந்து இறங்கினவ நான். அது தெரிஞ்சா அதிகாரிங்க என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்கன்னு முப்பத்தாறு வருஷமா வீட்டுக்குள்ளகூட வாய் தவறாம அசுந்தான்னே கூப்பிட்டவர், ஜெலிந்தான்னு என் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது இந்த ஆறு நாள்தான்."